நாலு தலைமுறைத் தோட்டத்தின் கதையை எழுதுவது எப்படி

எங்கள் தோட்டம் காங்கயம் பக்கம். பதினோரு ஏக்கர் சொச்சம், அதில் பாதி மேட்டுக்காடு, ஒரு கிணறு, ஒரு சாளை (தோட்டத்து வீடு), கொஞ்சம் தென்னை. பூட்டன் காலத்திலிருந்து எங்களிடம் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு இதன் கதையை எழுதலாம் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, "எங்கள் பூட்டனார் கடும் உழைப்பாளி" என்று முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரி வரவே இல்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதுவும் எல்லார் வீட்டுப் பூட்டனுக்கும் பொருந்துகிற வரி.

அப்புறம்தான் பிடிபட்டது. ஆளைப் பிடித்து எழுதப் போனால் புகழுரைதான் வரும், நிலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஆட்கள் தானாக வந்து சேருவார்கள். எங்கள் வீட்டில் அது எப்படி நடந்தது என்பதை வைத்தே வழி சொல்கிறேன். நான் சொல்வது தமிழ்நாட்டு ரயத்துவாரி கிராமங்களுக்கு (உழவரிடம் அரசே நேராக வரி வாங்கிய ஊர்கள்), அதிலும் கொங்குப் பக்கத்துக்கு நேராகப் பொருந்தும். உங்கள் ஊர் பழைய ஜமீன் அல்லது இனாம் கிராமம் என்றால் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், 1963 இனாம் ஒழிப்புச் சட்டங்கள் இவற்றின்கீழ் நடந்த செட்டில்மென்ட்டில்தான் உங்கள் குடும்பப் பெயர் முதன்முதலாகப் பட்டாதாரராக ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் வேலை: வரைபடத்தோடு ஒரு நடை

தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவுப்படம், எஃப்.எம்.பி. என்பார்கள்) நான்கையும் எடுத்துவிடலாம். புலப்படத்தைப் பெரிய தாளில் அச்செடுங்கள். பிறகு வீட்டில் இருக்கிற வயதானவரைக் காலை வெயில் ஏறுவதற்குள் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு உட்பிரிவாக நடங்கள். நடக்க முடியாதவரை வண்டியில் உட்கார வைத்தாவது கொண்டு போங்கள். திண்ணையில் உட்கார வைத்து "பழைய கதை சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தைச் சொல்ல, கஷ்டப்பட்டோம்" என்பதோடு முடிந்துவிடும். அதே ஆளைக் காட்டுக்குள் நிறுத்தி, "இந்த மூலை ஏன் இப்படிக் கோணலா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பெரியப்பா அந்த ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரம் பேசினார். பங்காளிக்கு வண்டித்தடம் விட்டது, அதில் வந்த சண்டை, ஊர்ப் பெரியவர்கள் வந்து இட்டேரியை (இரு வேலிக்கு நடுவே போகும் தடத்தை) அளந்து கல் நட்டது, அந்தக் கல்லை யாரோ ராத்திரியில் பிடுங்கியது எல்லாம் வந்தது. பிடுங்கியது யார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை, சிரித்ததோடு சரி.

ஒவ்வொரு துண்டுக்கும் வீட்டில் ஒரு பெயர் இருக்கும், அதைப் படத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுடையதில் "பனமரத்துக்காடு" உண்டு, அதில் இன்று ஒரு பனைமரமும் இல்லை. "புகையிலைத் தோட்டம்" உண்டு, நான் பிறந்ததிலிருந்து அங்கே புகையிலை பார்த்ததில்லை. பயிர் போனாலும் பெயர் போகாது, அதனால் பெயரைக் கேட்டாலே பழைய பயிர் தெரிந்துவிடும். கொறங்காடு என்று ஒரு துண்டுக்குப் பெயர் இருந்தால் அது மாடு மேய்ந்த இடம், கிளுவை வேலியின் மிச்சம் எங்காவது நிற்கிறதா என்று தேடுங்கள்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இன்றைய பட்டா ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். பத்திரங்களில் ஏக்கர், சென்ட் (100 சென்ட் ஒரு ஏக்கர், ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர்). வயதானவர்கள் சொல்வது இவை இரண்டிலும் சேராத ஊர்க்கணக்காக இருக்கலாம், டெல்டாக்காரர் என்றால் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பார். சொன்னதைச் சொன்ன அளவிலேயே எழுதிவிட்டு, பக்கத்தில் ஏக்கரைப் போடுங்கள். மாற்றி எழுதிவிட்டு மூலத்தை விட்டுவிட்டால் பிறகு தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இரண்டாவது: தகரப்பெட்டி

எல்லார் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி அல்லது மஞ்சப்பை இருக்கும். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, அடமானம், போக்கியம், விடுதலைப் பத்திரம், கந்தாய (நிலவரி) ரசீது, கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக், எதுவும் குப்பை இல்லை. முதலில் ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். எங்கள் சித்தப்பா அக்கறையோடு ஒன்றை லேமினேட் செய்தார், அந்தப் பத்திரத்தின் பின்பக்கச் சார்பதிவாளர் குறிப்பு இன்று கறுப்புத் திட்டு.

தேதி கிழிந்து போயிருந்தால் முத்திரைத்தாளைப் பாருங்கள். விக்டோரியா தலை இருந்தால் 1901-க்கு முன் அச்சானது என்று வைத்துக்கொள்ளலாம், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911-க்குப் பின். துல்லியமாக இருக்காது, பழைய தாளை வைத்திருந்து பின்னால் எழுதியிருப்பார்கள், ஆனாலும் எந்தக் காலம் என்று பிடிபடும். தொகை ரூபாய், அணா, பைசா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது.

பத்திரத்தில் எல்லாரும் தொகையையும் பெயரையும் மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் கடைசிப் பக்கத்துத் தபசிலை, அதாவது சொத்து விவரத்தைப் படியுங்கள், சரக்கு அங்கேதான் இருக்கிறது. நான்கெல்லையில் யார் யார் நிலம் இருந்தது, மாமூல் தடம் எந்த வழி, கிணற்றில் எத்தனை பங்கு, என்னென்ன மரம், எல்லாம் வரும். எங்கள் 1912-ஆம் வருடக் கிரயத்தில் கோயம்புத்தூர் ஜில்லா தாராபுரம் தாலுகா என்று தொடங்கி, தபசிலில் ஒரு வரி: "இதிலுள்ள கிணறு 1, கவலை 2". அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் பெரிய கலகத்தை உண்டுபண்ணியது, அதற்குப் பிறகு வருகிறேன். (கவலை தெரியாத இளசுகளுக்கு: இரண்டு மாடு சரிவில் இறங்க, சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். மதுரைப் பக்கம் கமலை என்பார்கள்.)

பத்திரம் தொலைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். ஆவண எண்ணும் வருடமும் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். எண் தெரியவில்லை என்றால் வில்லங்கச் சான்றில் (அந்த நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்) கிடைக்கும். பொதுவாக 1975-க்குப் பிறகானவை இணையத்திலேயே பார்க்கலாம், அதற்கு முந்தையவற்றுக்கு மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். இங்கே இடறிவிழும் இடம் ஒன்று உண்டு. உங்கள் ஊர் அன்றைக்கு எந்தச் சார்பதிவகத்தில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊரையே எடுத்தால் முதலில் கோயம்புத்தூர் மாவட்டம், 1979-ல் பெரியார் மாவட்டம், பிறகு அதுவே ஈரோடு, 2009-லிருந்து திருப்பூர். நிலம் ஒரு அடி நகரவில்லை, காகிதம் மட்டும் ஊர் ஊராகப் போயிருக்கிறது.

வில்லங்கச் சான்று என்றதும் கடன்காரன் பார்க்கிற தாள் என்று நினைக்காதீர்கள். குடும்ப வரலாற்றுக்கு அதைவிட நல்ல நாட்குறிப்பு கிடையாது. அடமானம் ஒன்று பதிவாகியிருக்கிறது என்றால் அந்த வருடம் கிணறு ஆழப்படுத்தினார்களா, மோட்டார் வாங்கினார்களா, மழை பொய்த்ததா என்று கேளுங்கள். நிலவள வங்கி அடமானம் என்றால் பெரும்பாலும் கிணறு அல்லது மோட்டார். எங்கள் பட்டியலில் 1978-ல் இரண்டு ஏக்கர் கிரயம் போயிருந்தது, யாருக்கும் காரணம் தெரியவில்லை. பெரிய அத்தையின் கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இரண்டுக்கும் நடுவே நாற்பது நாள். 1960, 70-களில் பாகப்பிரிவினைகள் கொத்தாக வந்திருந்தால் நில உச்சவரம்பையும் நினைவில் வையுங்கள். 1961 சட்டத்தில் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று இருந்தது, 1970-ல் அது 15 ஆனது. பெரிய பண்ணையங்கள் அந்தச் சமயத்தில் காகிதத்தில் பிரிந்தன, அடுப்பு ஒன்றாகவே எரிந்தது.

சர்வே எண்கள் பொருந்தவில்லை என்றால் பயப்படாதீர்கள். 1979-லிருந்து 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், எல்லாரும் யூ.டி.ஆர். என்று சொல்வது, அதில் உட்பிரிவுகள் மாறின, பெயர்களில் ஏகப்பட்ட பிழை ஏறியது. எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) பெயர் ஒரு பட்டாவில் அவர் அண்ணன் பெயராகவே ஆகிவிட்டது. அதற்கு முந்தைய நிலவரத்துக்கு தாலுகா அலுவலகத்தில் பழைய செட்டில்மென்ட் பதிவேடு, பழைய அ-பதிவேடு கேளுங்கள். கிடைக்காமல் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் மனு. எந்த வருடம் என்ன பயிர் நின்றது என்பதற்கு அடங்கல்தான் சாட்சி, பழையது கிடைத்தால் அதிர்ஷ்டம். கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) பரம்பரைப் பதவிகள் 1980-ல் ஒழிந்தன, அந்த வீடுகளில் இன்னும் சில கணக்கு நோட்டுகள் பரணில் கிடக்கலாம், மரியாதையாகப் போய்க் கேட்டுப் பாருங்கள். அதையும் தாண்டிப் பின்னால் போக ஆசை என்றால் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

மூன்றாவது: வருடத்தைப் பிடிப்பது

வருவாய்க் கணக்குகளில் பசலி என்கிற வருவாய் ஆண்டு இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில வருடம், ஜூலை முதல் தேதி தொடங்கி அடுத்த ஜூன் வரை. பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன். இது சுலபம்.

தலைவலி தமிழ் வருடம். கல்லிலும் கல்யாண ஓலையிலும் பிரபவ, விபவ என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். பாட்டிகள் "தாது வருஷப் பஞ்சம்" என்றால் அது 1876-77 பெரும் பஞ்சம், அவர்களே பார்த்ததாக இருக்காது, அவர்களுடைய பாட்டி சொன்னது.

வாயால் கேட்கும்போது "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். யாருக்கும் தெரியாது, ஆனால் மரியாதைக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், அது உங்கள் புத்தகத்தில் உண்மையாகிவிடும். "யார் கல்யாணத்துக்கு முன்னாடி, பின்னாடி?", "எந்த மாடு இருந்தப்ப?", "எம்.ஜி.ஆர். செத்தப்ப கரண்ட் வந்திருந்துச்சா?" என்று கேளுங்கள். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, இந்திரா காந்தி 1984 அக்டோபர், எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர். அன்றைக்கு எந்தக் காட்டில் என்ன வேலை செய்துகொண்டிருந்தோம் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கோவைப் பக்கத்தார் என்றால் 1972-ல் மின்கட்டணத்தை எதிர்த்து நகரத்துக்குள் கட்டை வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்திய போராட்டத்தைக் கேளுங்கள். எங்கள் வீட்டு வண்டி போனதா இல்லையா என்பதில் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் இன்னும் கருத்து வேறுபாடு. இரண்டு பேர் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மாட்டுப் பெயர்களைக் கேட்க மறக்காதீர்கள். மனுசர் பெயரில் தடுமாறுகிறவர்கள் மாட்டுப் பெயரில் தடுமாறுவதில்லை.

கிணற்றுக் கதை

இப்போது அந்தக் கலகம். எங்கள் கிணற்று மேட்டில் ஒரு கல், "மன்மத வருஷம் தை மாதம்" என்று வெட்டியிருக்கும். பூட்டன் வெட்டிய கிணறு, அதற்குச் சாட்சி அந்தக் கல் என்பது குடும்பத்தில் எல்லாரும் நம்பியது. மன்மத வருடம் என்றால் தை மாதம் விழுவது 1896 ஜனவரியில் அல்லது 1956 ஜனவரியில். வீட்டார் 1896 என்றார்கள். பூட்டனுக்கு அப்போது ஒன்பது வயது. சரி, ஒருவேளை அவர் அப்பா வெட்டியிருப்பார் என்று வாதத்தைத் திருப்பினார்கள். அப்போதுதான் 1912 பத்திரம் கையில் வந்தது. நிலத்தை வாங்கும்போதே "கிணறு 1, கவலை 2" இருந்திருக்கிறது. ஆக, கிணற்றை முதலில் வெட்டியது நாங்கள் இல்லை, எங்களுக்கு விற்றவர்கள் அல்லது அவர்களுக்கும் முன்னால் யாரோ. இதை ஒரு பொங்கல் அன்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு போட்டதே பெரிது.

அப்படியானால் அந்தக் கல் என்ன? கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். நீங்களும் இறங்குங்கள், கயிறும் துணைக்கு ஆளும் இல்லாமல் வேண்டாம், நீண்ட நாள் பயன்படுத்தாத கிணறு என்றால் விஷவாயு இருக்கும், இறங்கவே வேண்டாம். எங்கள் கிணற்றில் மேலே இருபது அடி கருங்கல் கட்டு, கீழே உளியால் கொத்திய பாறை, அதற்கும் கீழே வெடி வைத்துப் பிளந்த சொரசொரப்பு, அடியில் பக்கவாட்டில் போட்ட துளைகள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு கடன். கல் இருந்தது பழைய கட்டில் இல்லை, பக்கத்தில் பிற்பாடு கட்டிய மேடையில். மேடையில் நாலு போல்ட் துளை. மனுக் கொடுத்து எடுத்த வில்லங்கத்தில் 1955 கடைசியில் ஒரு அடமானம். அப்பத்தாவிடம் போய் "ஆயில் இன்ஜின் எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன், யோசிக்கவே இல்லை: "இன்ஜின் வந்து நாலாம் மாசம் நான் வந்தேன்." அவர் கல்யாணம் 1956 வைகாசி.

கல் கிணற்றுக்கு நட்டது இல்லை, இன்ஜினுக்கு நட்டது. கவலை நின்று போன நாளின் கல். "பூட்டன் வெட்டிய கிணறு" என்பதைவிட எனக்கு இது எவ்வளவோ மேல். இப்படி மூன்று பக்கத்திலிருந்தும், அதாவது காகிதம், வாய்மொழி, தரையில் இருக்கிற பொருள் மூன்றும் ஒத்துப்போனால் தைரியமாக எழுதுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் யார் சொன்னது என்று சேர்த்து எழுதுங்கள்.

நான்காவது: பத்திரத்தில் இல்லாதவர்கள்

இரண்டு கூட்டம் எந்தப் பத்திரத்திலும் சரியாக வராது. ஒன்று வீட்டுப் பெண்கள். அவர்கள் காகிதத்தில் தலைகாட்டுவது பெரும்பாலும் கையெழுத்துப் போட்டு விலகும்போதுதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல், அதிலும் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் 1994-ல் ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கிறது, இரண்டு அத்தைகளின் கையெழுத்தோடு. அதை எழுதலாமா வேண்டாமா என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். அத்தைகளிடமே கேட்டேன். சின்ன அத்தை "எழுது, ஆனா அன்னைக்கு எனக்கு என்ன வாங்கிக் குடுத்தாங்கன்னும் சேர்த்து எழுது" என்றார். ஒரு பட்டுச்சேலை. எழுதியிருக்கிறேன்.

இன்னொரு கூட்டம், நிலத்தில் உண்மையாகவே வேலை செய்தவர்கள். வருடச் சம்பளத்துக்குக் கம்பும் சோளமும் அளந்து வாங்கிக்கொண்டு மூன்று தலைமுறை எங்கள் பண்ணையத்தில் இருந்த குடும்பம் ஒன்று உண்டு. அவர்களைத் தோட்டத்துக்கு வரச் சொல்லிக் கேட்காதீர்கள், நின்றுகொண்டேதான் பேசுவார்கள், நல்லதாகவே சொல்லுவார்கள். அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போங்கள், கொடுப்பதை வாங்கிக் குடியுங்கள், இரண்டாவது மூன்றாவது தடவைதான் பேச்சு வரும். கவலை ஓட்டியவரின் மகன், எழுபது வயதுக்காரர், கிணற்றில் வெடி வைத்தபோது வெளியூரிலிருந்து வந்து கொட்டகை போட்டுத் தங்கியிருந்த ஆள் ஒருவருக்குக் கண் போனதைச் சொன்னார். எங்கள் வீட்டில் ஒருவரும் அதுவரை வாயைத் திறந்ததில்லை. அந்த ஆளின் பெயர் அவருக்கும் ஞாபகம் இல்லை. பெயர் தெரியவில்லை என்றே எழுதினேன். "விசுவாசமான வேலைக்காரர்கள்" என்று ஒரு வரியில் இவர்களை முடித்துவிடப் போகிறீர்கள் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

எழுதும்போது

காலவரிசையில் எழுத முயன்று இரண்டு தடவை தோற்றேன். துண்டு துண்டாக, நிலத்துக்கு ஒரு அத்தியாயம் என்று எழுதினேன், வந்துவிட்டது. பனமரத்துக்காடு, புகையிலைத் தோட்டம், கிணறு, கட்டுத்தரை, சாளை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் புலப்படத்தின் அந்தத் துண்டு, ஒரு பழைய போட்டோ, ஒரு புதிய போட்டோ. கடைசியில் பயிர்ப் பட்டியல்: கம்பு, சோளம், பருத்தி, புகையிலை, மிளகாய், பிறகு தென்னை, இப்போது தென்னையும் பக்கத்தில் வாடகைக்கு விட்ட ஒரு கோழிக் கொட்டகையும்.

நடப்பு வழக்கு ஏதாவது இருந்தால் அந்தத் துண்டைப் பற்றி மட்டும் இப்போதைக்கு எழுதாதீர்கள், உங்கள் புத்தகம் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும். பத்திரங்களின் ஸ்கேன் பிரதியை இரண்டு வீடுகளில் வையுங்கள், ஆதார் எண் மாதிரி விவரங்கள் இருக்கிற பக்கங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள்.

ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுப் பதினைந்து பிரதி எடுத்தேன், இடது பக்கம் முழுக்க வெற்றுத் தாள் விட்டு, யார் வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம் என்று. பங்காளி வீடுகளுக்கு, அத்தைகளுக்கு, கவலை ஓட்டியவரின் மகனுக்கு. ஆண்கள் வீட்டுப் பிரதிகள் அலமாரியில் புதுசாகவே இருக்கின்றன. பெரிய அத்தையின் பிரதி திரும்பி வந்தபோது பென்சிலில் முப்பத்தோரு திருத்தம், அதில் பாதி மாட்டுப் பெயர்கள். 1978-ல் விற்ற இரண்டு ஏக்கருக்கு எதிர்ப்பக்கத்தில் மட்டும் ஒரு வரி: "கிழக்காலத் துண்டு இல்லை, மேக்கால. நாந்தான் அதுல கடைசியாப் பருத்தி எடுத்தேன்."